கால்சியம் மாத்திரையும் ஓர் ஆடி வெள்ளியும்

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. இரண்டு கைகளையும் மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு நாற்பது முறையாவது இப்படிப் பார்க்கிறேன் என்று என் கணவர் சொல்கிறார். இருக்கலாம். இன்னும் எனக்கு என் விரல்கள்மேல் முழு நம்பிக்கை வரவில்லை.

எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். எடை குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்ட யாரோ ஒருவர், எங்கோ ஒரு ஊரில், கால்சியம் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு “நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று நினைக்கலாம். நான் அப்படித்தான் நினைத்தேன். அவருக்காக எழுதுகிறேன்.

மகள் இனியா பிறந்த பிறகு என் எடை நூற்றெட்டு கிலோவுக்குப் போய்விட்டது. சர்க்கரை வந்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. மூன்று வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் படியில் ஏற முடியவில்லை. புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரைப்பை பைபாஸ் செய்யலாம் என்றார்கள். வேண்டாம் என்பார்கள் என்று நான் பயந்தது மாமியாருக்குத்தான். ஆனால் அத்தை முதல் ஆளாகச் சம்மதித்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை.

“ஊர்ல யாரு கேட்டாலும் கொடலிறக்கம் ஆபரேஷன்னு சொல்லு. சோத்த கம்மி பண்ண வக்கில்லாம கொடல அறுத்துக்கினு வந்துட்டான்னு பேசுவாளுங்க. அவளுங்க வாய என்னால மூட முடியாது.”

சரி என்றேன். சின்னப் பொய்தானே. வயிற்றில் ஐந்து சிறு துளைகள், அவ்வளவுதான் தழும்பு. புடவைக்குள் மறைந்துவிடும்.

அந்த ஆபரேஷனில் இரைப்பையின் மேல் பகுதியை மட்டும் ஒரு சின்னப் பையாகப் பிரித்துவிடுகிறார்கள். நான்கு வாய் சாப்பிட்டால் நிறைந்துவிடும். அந்தப் பையைச் சிறுகுடலின் கீழ்ப்பக்கத்தோடு நேராக இணைக்கிறார்கள். சாப்பாடு சிறுகுடலின் ஆரம்பப் பகுதியைத் தொடாமலே போய்விடும். உணவிலிருந்து கால்சியத்தை அதிகம் உறிஞ்சுவது அந்த ஆரம்பப் பகுதிதான். அதனால்தான் ஆயுள் முழுக்க மாத்திரை. கால்சியம் சிட்ரேட் ஒரு நாளைக்கு மூன்று வேளை. வைட்டமின் டி. இரும்புச் சத்து மாத்திரை தனி, கால்சியத்துக்கும் அதற்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி. டயட்டீஷியன் மேடம் ஒரு தாளில் எழுதிக்கொடுத்து, அதை என் வாயால் ஒருமுறை படிக்கவும் வைத்தார்.

வேதியியல் பட்டதாரி நான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடமும் எடுத்திருக்கிறேன். அந்தத் தாளைப் படித்தபோது எனக்கு எல்லாம் புரிந்ததுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

மாத்திரை பெரிது. முழுங்கினால் நெஞ்சுக்குழியில் நின்றுவிடும். ஒரு மணி நேரம் யாரோ அங்கே கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் இருக்கும். கடித்துத் தின்றால் வாயெல்லாம் சாக்பீஸ் தூள். பாதி நாள் வாந்தி. வாந்தி எடுக்காத நாளில் மலச்சிக்கல். இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டேன். பிறகு கள்ளக்குறிச்சி மருந்துக்கடையில் சப்பித் தின்னும் கால்சியம் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர், “இது கார்பனேட்டும்மா. உங்க சீட்டுல சிட்ரேட்னு போட்டிருக்கு. டாக்டரக் கேட்டுக்கினு வாங்கிக்கோங்களேன்,” என்றார். கேட்காமலே வாங்கி வந்தேன். ஆரஞ்சு வாசனை நன்றாக இருந்தது.

கார்பனேட் கரைவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும். சாக்பீஸ் மேல் அமிலம் விட்டால் நுரைத்துக் கரையும் என்று பிள்ளைகளுக்கு மேசைமேல் செய்து காட்டியவள் நான். என் சின்னப் பையில் இப்போது அமிலம் மிகவும் குறைவு என்பது அந்தத் தாளிலேயே இருந்தது. ஆனாலும் ஆரஞ்சு வாசனையை நம்பினேன். வயிறு உப்பியது. இரும்பு மாத்திரையோடு சேர்த்து ஒரே வேளையாகப் போட்டு, மேலே டீயும் குடித்தேன். இரண்டும் ஒன்றை ஒன்று உடம்பில் சேரவிடாமல் செய்யும் என்பதும் தெரியும். ஒரே தொல்லையாக முடிந்துவிடட்டும் என்று இருந்தது. கடைசியில் அதையும் நிறுத்தினேன். கேழ்வரகுக் கூழில் இல்லாத சத்தா என்று சொல்லிக்கொண்டேன்.

மாத்திரைகளை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு, பீரோவில் புடவைகளுக்குப் பின்னால் வைத்தேன். டயட்டீஷியன் மேடம் போன் செய்தபோது, “எடுத்துக்கறேன் மேடம், ஒண்ணும் தொந்தரவு இல்ல,” என்றேன். ரத்தப் பரிசோதனைக்குக் குறித்த தேதியை, குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லித் தள்ளிப்போட்டேன். குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை.

ஆனி மாதத்தில் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. மிளகாய்க் காரம் என்று நினைத்தேன். விரல்நுனி மரத்துப்போனது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு என்று நினைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் என்னிடம் இருந்தது.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியிலிருந்து எலவனாசூர்கோட்டைக்குப் போகும் பக்கம். ஆடி மூன்றாம் வெள்ளி அம்மன் கோயிலில் கூழ் வார்ப்பார்கள். எங்கள் வீட்டில் மருமகள்தான் தலையில் கூழ்க் குடம் எடுக்க வேண்டும். எடுப்பவள் முந்தின நாள் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. அத்தை அன்று காலையில் என் முகத்தைப் பார்த்து, “முடியலன்னா சொல்லிடு, நான் எடுக்கறேன்,” என்றார்கள். ஆபரேஷன் விஷயத்தில் எனக்காக நின்றவர்களுக்கு இதுகூடச் செய்யாமல் இருப்பதா என்று, “முடியும் அத்த,” என்றேன்.

ஊர்வலம் தெரு திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. பம்பைச் சத்தம் காதுக்குள் அடித்தது. எனக்கு மூச்சு வேகமாக வாங்கியது. அப்போது வலது கை குடத்தைவிட்டுத் தானாக இறங்கியது. நான் இறக்கவில்லை. மணிக்கட்டு உள்பக்கம் மடங்கியது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய் ஒட்டிக்கொண்டது. மற்ற நான்கு விரல்களும் நேராக விறைத்து, நுனி நுனியாகக் கூடிக் கூம்பிக்கொண்டன. இடது கையும் அப்படியே. குடம் விழுந்து உடைந்தது. உதடுகள் முன்னால் இழுத்துக்கொண்டன. நான் முட்டிபோட்டு விழுந்தேன்.

“ஆத்தா வந்துட்டாடி! கைய பாருடி, கைய!”

குலவை கிளம்பியது. யாரோ மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். யாரோ வேப்பிலையைக் கூம்பிய என் விரல்களுக்கிடையில் செருகினார்கள். பம்பைக்காரர் கிட்டே வந்து இன்னும் வேகமாக அடித்தார். எனக்கு எல்லாம் தெரிந்தது. யார் எங்கே நிற்கிறார்கள், என்ன புடவை கட்டியிருக்கிறார்கள் என்பதுகூடத் தெரிந்தது. வாய்தான் திறக்கவில்லை. அந்த அதிர்ச்சியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என் உடம்புக்குள் நான் இருந்தேன். உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. சுற்றி நின்ற நூறு பேரும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள்.

அடுத்து நடந்ததுதான் கொடுமை. என் மாமியார், எனக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். “தாயே, என் வூட்டுல இன்னா கொற? என்ன தப்பு பண்ணேன்? சொல்லு தாயே!”

பல்லை இறுக்கிக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் திரட்டி ஒரு வார்த்தையை வெளியே தள்ளினேன். “ஆஸ்பத்திரி.”

“இன்னா சொல்றா ஆத்தா?”

“ஆஸ்பத்திரிங்கிறா.”

“நம்மூருக்கு ஆஸ்பத்திரி வரும்ங்கிறாளா?”

“எந்தத் தேர்தல்ல தாயே?” என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்க, பெண்கள் அவரை அதட்டினார்கள். கூட்டத்துக்குள் நுழைந்து வந்த இனியா, “அம்மா கை ஏன் கோழிக்கால் மாதிரி இருக்கு?” என்று வீறிட்டாள்.

அத்தை தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார்கள். நிறைய நேரம் பார்த்ததுபோல் எனக்கு இருந்தது.

“பம்பைய நிறுத்துயா,” என்றார்கள். “இவ அழுவுறா. ஆத்தா எதுக்கு அழுவப் போறா? ஆட்டோவ கூப்புடு!”

கள்ளக்குறிச்சியில் நாங்கள் போன மருத்துவமனையின் அவசரப் பிரிவில், எங்களோடு இன்னும் இரண்டு ஷேர் ஆட்டோ நிறைய ஊர்ப் பெண்கள் வந்து இறங்கினார்கள். மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்டக் கட்டிலில் கிடந்தேன். பணியில் இருந்த டாக்டரம்மா என் வயதுதான் இருப்பார். என் மூச்சை மெதுவாக்கச் சொல்லி, கூடவே எண்ணினார். விரல்கள் கொஞ்சம் தளர்ந்தன.

“முன்னாடி ஏதாவது ஆபரேஷன் ஆயிருக்காம்மா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொன்னார்கள். “கொடலிறக்கம்ங்க. ஏழு மாசம் ஆவுது.”

கதவருகே அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை. நானும் பேசாமல் இருந்தேன். அப்போது என்னால் சுலபமாகப் பேசியிருக்க முடியும், உதடு இளகிவிட்டிருந்தது. இருந்தும் பேசவில்லை. இன்று வரை இந்த ஒரு நிமிடத்துக்கு என்னிடம் சரியான காரணம் இல்லை.

“பட்டினி, வெயில், பயம். வேகமா மூச்சு விட்டா இப்படிக் கை இழுத்துக்கும். பயப்பட ஒண்ணும் இல்ல. எதுக்கும் ரத்தம் எடுத்துப் பாத்துட்டு வீட்டுக்கு அனுப்பிடறேன்,” என்றார் டாக்டரம்மா. போகிறபோக்கில் என் காதுக்கு முன்னால், கன்னத்தை விரலால் லேசாகத் தட்டினார். என் மேலுதடு ஒரு பக்கமாகத் துள்ளியது. மறுபடி தட்டினார். மறுபடி துள்ளியது. அவர் முகம் மாறியது.

ரத்த முடிவு வர ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் மார்பில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். டாக்டரம்மா இரண்டு தாள்களோடு வேகமாக வந்தார்.

“கால்சியம் எட்டரைக்கு மேல இருக்கணும். உங்களுக்கு ஆறரை. ஈசிஜியிலயும் மாற்றம் தெரியுது. இது இன்னும் எறங்கினா வலிப்பு வரும், இதயத் துடிப்பே தாறுமாறாப் போகலாம். குடலிறக்க ஆபரேஷனுக்கு இப்படி ஆகாதும்மா. எனக்குக் காரணம் தெரிஞ்சாத்தான் சரியா வைத்தியம் பண்ண முடியும். கழுத்துல ஏதாவது ஆபரேஷன் ஆச்சா?”

இனியா என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “இல்ல டாக்டர்,” என்றேன். “வயித்துல. பைபாஸ். எடை கொறைக்க. மாத்திரை குடுத்தாங்க. நான் சாப்பிடல.”

கதவருகே நின்ற ஒருத்தி, “எட கொறைக்கவா?” என்றாள். அத்தை எழுந்து, யாரையும் பார்க்காமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள்.

கால்சியத்தை நரம்பு வழியாக மெதுவாக ஏற்றினார்கள். வேகமாக ஏற்றினால் இதயம் தாங்காது என்று மானிட்டரைப் பார்த்துக்கொண்டே சொட்டு விட்டார்கள். தொண்டையிலும் மார்பிலும் சூடாக ஏதோ பரவியது. விரல்கள் ஒவ்வொன்றாக எனக்குத் திரும்பக் கிடைத்தன. எனக்கு அத்தையைப் பற்றித்தான் கவலை. இனி எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பார்கள்? நான் சொன்னது சரியா? தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமோ?

இரண்டு மணி நேரம் கழித்து அத்தை திரும்பி வந்தார்கள். கையில் புதுச்சேரி மருத்துவமனை பைல். மற்றொரு கையில் பிஸ்கட் டப்பா. பைலைத் தேடிப் பீரோவைக் கலைத்தபோது கிடைத்திருக்கிறது. இரண்டையும் டாக்டரம்மாவின் மேசைமேல் வைத்தார்கள்.

“இதுல எல்லாம் எழுதி இருக்குதுங்க. கொடலிறக்கம்னு சொல்லச் சொன்னது நான்தான். அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க.”

பிறகு என் கட்டிலருகே வந்து டப்பாவைக் குலுக்கினார்கள்.

“இத்தினி மாத்திரையாடி? டெய்லி முழுங்குறேன்னு இல்ல நான் நெனச்சிக்கினு இருந்தேன். ஊரு கண்ணுக்கு நான் மறைச்சா, என் கண்ணுக்கே நீ மறைச்சிருக்கியே.”

“முழுங்க முடியல அத்த. வாந்தி வாந்தியா வந்தது.”

“அத வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?”

என் கணவர் மலைமேல், கரியாலூருக்கும் மேலே ஒரு பள்ளியில் ஆசிரியர். வாரநாட்களில் மலையிலேயே அறை எடுத்துத் தங்குவார். அங்கே சிக்னல் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். மதியம்தான் செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது. அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் பைக்கில் இறங்கி வந்தவர், கட்டிலருகே நின்று என் கையை எடுத்து ஒவ்வொரு விரலாக நீட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஐந்து நாள் இருந்தோம். காலையும் மாலையும் ரத்தம் எடுத்தார்கள். வைட்டமின் டி மிகக் குறைவு, வாந்தியில் மெக்னீசியமும் போய்விட்டது, அது இல்லாமல் எவ்வளவு கால்சியம் ஏற்றினாலும் நிற்காது என்று அதையும் ஏற்றினார்கள். டாக்டரம்மா புதுச்சேரிக்குப் போன் செய்து டயட்டீஷியன் மேடத்திடம் பேசிவிட்டு, போனை என்னிடம் கொடுத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “முழுங்க முடியலன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே மாத்தியிருப்பேனேம்மா,” என்றார். அதைவிடத் திட்டே பரவாயில்லை.

மாற்றினார்கள். பெரிய மாத்திரைக்குப் பதில் சிட்ரேட்டே தூளாக. ஒரு வேளை அளவை இரண்டாகப் பிரித்து, சிறிது சிறிதாக. சிட்ரேட்டுக்கு வயிற்று அமிலம் தேவையில்லை. சாப்பிட்ட பிறகும் குடிக்கலாம், சாப்பிடாமலும் குடிக்கலாம். இரும்பு மாத்திரை இரவுக்குப் போனது. டீ அதற்குப் பக்கத்திலேயே வரக்கூடாது. மலச்சிக்கலுக்கு, நாள் முழுக்க ஒவ்வொரு மடக்காகத் தண்ணீர், நடை. முதல் நாள் தூளைக் கரைத்த தண்ணீர் குமட்டியது. அத்தை அதை வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்தார்கள்.

“த்தூ! செவுத்த நக்குன மாதிரி இருக்குது. இத எவ குடிப்பா?”

நர்ஸிடம் கேட்டுக்கொண்டு, மறுநாள் நீர்மோரில் பெருங்காயம் போட்டுக் கரைத்தார்கள். டம்ளரில் இல்லை, இனியாவுக்கு மருந்து ஊற்றும் சங்கில். ஒரு சங்கு, அரை மணி கழித்து இன்னொரு சங்கு. இனியா எதிரில் உட்கார்ந்து, “ஆ காட்டு,” என்று என் வாயைச் சோதித்தாள். நான்காம் நாள் முதல் முறையாக ஒரு முழு வேளை உள்ளேயே நின்றது. நான் அழுதுவிட்டேன்.

“அத்த, என் கால்ல வுழுந்தீங்களே, அன்னிக்கு,” என்றேன், பேச்சை மாற்ற.

“உன் கால்லயா? ஆத்தா கால்ல வுழுந்தேன். நீ நடுவுல பூந்துக்கினா நான் இன்னா பண்றது?”

ஐந்தாம் நாள் மதியம் எங்கள் தெரு அஞ்சலை அக்கா வந்தாள். கையில் தட்டு. எலுமிச்சை, குங்குமம், பூ. அவள் அன்று மருத்துவமனைக்கு வரவில்லை. ஊரில் பேசிக்கொண்டது எதையும் அவள் நம்பவும் இல்லை. தட்டை என் காலடியில் வைத்துக் கும்பிட்டாள்.

“எட கொறைச்சா, மாத்திர துன்னலன்னு என்னென்னமோ சொல்றாளுங்க தாயி. நான் கண்ணால பார்த்தனே. எம்பொண்ணு சுகன்யாவுக்கும் இப்படித்தான் வருது. கொழந்த பெத்து வூட்டுக்கு வந்திருக்கா இல்ல, மூணு வெள்ளிக்கெழமையா அதே மாதிரி கை கூம்பிக்குது. ஆத்தாவுக்கு அவ மால போட்டுக்கலாமான்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்.”

“பால் குடுக்கறாளா?” என்றேன்.

“குடுக்குறா. பத்தியம்னு பூண்டுக் கொழம்பும் சோறும்தான் துன்றா. பால், மோரு, முட்ட ஒண்ணும் நான் குடுக்கறதில்ல.”

நான் சொல்லத் தொடங்குவதற்கு முன் அத்தை அந்தத் தட்டை எடுத்து ஓரமாக வைத்தார்கள். வார்டில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். குரலைத் தாழ்த்தவே இல்லை.

“இங்க கேளு அஞ்சல. இவளுக்குக் கொடலிறக்கம் இல்ல, எட கொறைக்கத்தான் ஆபரேஷன். நான்தான் ஊருக்குப் பொய் சொன்னேன். சத்து மாத்திர துன்னாம கெடந்து கை இழுத்துக்கிச்சு. இன்னும் கொஞ்சம் வுட்டிருந்தா பொணமாத்தான் தூக்கினு போயிருப்போம்.”

“அப்போ ஆத்தா வரலியா?”

“வந்தாளோ வரலியோ, அது அவ இஷ்டம். நீ போய் பொண்ண இட்டுக்கினு வா. இப்பவே!”

மாலை சுகன்யா வந்தாள். இருபது வயதுகூட இருக்காது. டாக்டரம்மா அவள் ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு உடனே நர்ஸைக் கூப்பிட்டார். என்னுடையதைவிடக் குறைவு. என் பக்கத்துக் கட்டிலிலேயே அவளுக்கும் சொட்டு ஏறத் தொடங்கியது. அஞ்சலை அக்கா கட்டிலின் கால்மாட்டில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மூணு வெள்ளியும் நான்தான் இவ கால்ல வுழுந்து குறி கேட்டேன்,” என்றாள். “வாயத் தொறக்கல. என்னையே பார்த்துக்கினு இருந்தா. ஆத்தா கோவமா இருக்கான்னு நெனச்சேன்.”

அந்தப் பார்வைக்குள் என்ன இருந்தது என்று அந்த வார்டில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். நான் சுகன்யாவைப் பார்த்தேன். அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

“தண்ணி கேட்டேம்மா.”